ஏரிக்கரை வீட்டுக்கு லீவுக்குப் போறீங்களா? அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையாப் படிங்க. சின்னக் குழந்தைங்க இருக்கிற உங்க குடும்ப குரூப்ல போட்டீங்கன்னா சந்தோஷம்.

போன அரைப்பரீட்சை லீவுக்கு நாங்க குடும்பமா ஒரு ஏரிக்கரை வீட்டில் ரெண்டு நாள் தங்கினோம். தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. முடிச்சூர் ரோட்டைப் பிடிச்சு, மணிமங்கலம் தாண்டி, அந்தப் பக்கம். வீட்டுப் பேர், ஓனர் பேர் எதுவும் இங்கே வேண்டாம். அவரைத் திட்ட இதை எழுதலை. அவர் வீடு மாதிரி இன்னும் நிறைய வீடு இருக்கு.

எங்க பக்கத்துக்காரங்களுக்கு ஏரி புதுசு இல்லை. செங்கல்பட்டை ஏரி மாவட்டம்னே சொல்வாங்க. பீர்க்கன்காரணை, சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லப்பாக்கம்னு ஊர் பேரைச் சொன்னாலே ஏரி பேரும் வந்துடும். ஆனா இன்னைக்கு நமக்கு ஏரின்னா என்ன? காலையில் வாக்கிங் போற நடைபாதை. இல்லேன்னா 2015 டிசம்பர். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, முடிச்சூர், வரதராஜபுரம் தெருவுக்குள்ளே படகு. இது ரெண்டுக்கும் நடுவுல, தண்ணி பக்கத்துல ஒரு நாள் சும்மா உட்காரணும்னு ஆசை வர்றது இயல்புதான். எனக்கும் வந்தது.

வீடு பிரமாதம். பின்பக்கத் தாழ்வாரத்தில் ஊஞ்சல். அதைத் தாண்டி புல்தரை. புல்தரை முடியற இடத்தில் நாலு கருங்கல் படி, அப்புறம் தண்ணி. நடுவில் எதுவும் இல்லை. வேலி இல்லை, கேட் இல்லை, ஒரு செடி வரிசைகூட இல்லை. விளம்பரத்தில் அதைத்தான் பெருமையாப் போட்டிருந்தாங்க: ‘தடையில்லா லேக் வியூ’. நாங்களும் அதுக்குத்தான் ரெண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுத்தோம்.

பெரியவங்க 9 பேர், குழந்தைங்க 5 பேர். எல்லாத்துலயும் சின்னவ என் தங்கச்சி பொண்ணு, மூணு வயசு.

ரெண்டாவது நாள் மதியம். குரூப் போட்டோ எடுத்தோம். பாப்பா என் மனைவி இடுப்பில் இருந்தா. அப்புறம் சாப்பாடு வந்தது. என் தம்பி பிரியாணி அண்டாவைத் தூக்கிட்டு வந்தான். அம்மா இலை கழுவப் போனாங்க. மாப்பிள்ளை, அவங்க அப்பாவுக்கு மாத்திரை எடுக்க உள்ளே போனார். தங்கச்சி பெரியவனுக்கு டிரஸ் மாத்திட்டு இருந்தா. என் மனைவி பாப்பாவை ஊஞ்சல்ல உட்கார வெச்சுட்டு தண்ணி பாட்டில் எடுக்கப் போனா. நான் போன்ல ஒரு பேஷண்ட்டோட ரிப்போர்ட் பார்த்துட்டு இருந்தேன்.

அப்ப பின்னாடியிருந்து ஒரு சத்தம்.

“இன்னாங்க, புள்ள இங்க கீது, நீங்கள்லாம் அங்க இன்னா பண்றீங்க?”

வீட்டைப் பார்த்துக்கிற அம்மா. பாத்திரம் கழுவிட்டு இருந்தவங்க, பாப்பாவைக் கையில் தூக்கி வெச்சிருந்தாங்க. பாப்பா பாவாடை இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருந்தது. அவளோட மஞ்சப் பந்து தண்ணியில் ரெண்டடி தள்ளி மிதந்துட்டு இருந்தது. அதை எடுக்க அவ மூணாவது படியில் நின்னிருக்கா. நாலாவது படி தண்ணிக்குள்ளே. அதுக்கப்புறம் படியே இல்லை. “கோடையில அங்க மண்ணெடுத்தாங்க சார், ரெண்டு ஆள் ஆழம் இருக்கும்”னு அந்த அம்மா சாதாரணமாச் சொன்னாங்க.

பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலை. பந்து வேணும்னு அழுதா, அவ்வளவுதான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. போனை எடுத்துப் பார்த்தேன். குரூப் போட்டோ எடுத்த நேரம் 12:41. பாப்பாவை வாங்கினதும் தங்கச்சி அழுதுட்டே அவளை ஒரு போட்டோ எடுத்திருந்தா. அது 12:45. நாலு நிமிஷம். அதுல அவ தனியா இருந்தது ரெண்டு நிமிஷம் இருக்கலாம். 9 பேர் இருந்த வீட்டில், அதுல ஒருத்தன் டாக்டராவும் இருந்த வீட்டில்.

இந்த இழையில் நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். மூணு வயசுக் குழந்தையோட ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போறீங்க. மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. என்ன சொல்வீங்க? “வேண்டாங்க, சுவர் கட்டின பிறகு சொல்லுங்க”ன்னு திரும்பி வந்துடுவீங்க. அதே நாம, தண்ணிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லாத வீட்டைத் தேடிப் பிடிச்சு, அதுக்குக் கூடக் காசும் கொடுக்கிறோம்.

மாடியிலிருந்து விழறது நம்ம எல்லார் கற்பனையிலும் இருக்கு. தண்ணியில் மூழ்கறது அப்படி இல்லை. சினிமாவில் பார்த்ததை வெச்சிருக்கோம்: கையை ஆட்டுவாங்க, “காப்பாத்துங்க”ன்னு கத்துவாங்க, தண்ணி தெறிக்கும். நிஜத்தில் பெரும்பாலும் சத்தமே வராது. கத்தணும்னா மூச்சு வேணும். மூழ்கறவங்களுக்கு மூச்சு இழுக்கவே நேரம் பத்தாது. கை ரெண்டும் தண்ணியை அழுத்தத்தான் போகுமே தவிர, மேலே தூக்கி ஆட்ட வராது. பக்கத்தில் நிக்கிறவருக்கு அது விளையாட்டு மாதிரிகூடத் தெரியலாம். ஒரு நிமிஷத்துக்குள்ளே தலை உள்ளே போயிடும். சின்னக் குழந்தைக்கு இன்னும் மோசம். உடம்போட ஒப்பிட்டா தலை பெருசு, கனம். குனிஞ்சா தலை முதல்ல போகும், தானா எழுந்துக்க முடியாது. பாத்ரூம் பக்கெட்ல குழந்தை மூழ்கறது இதனாலதான்.

அப்புறம் நேரம். மூச்சு நின்னா ரெண்டு மூணு நிமிஷத்துல நினைவு போகும். நாலஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா மூளைக்குத் திரும்பி வராத பாதிப்பு ஆரம்பிக்கலாம். நாலு பேருக்கு இலை போடற நேரம்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்திருக்காங்க. அதில் ஏறக்குறைய கால்வாசி 5 வயசுக்குக் கீழே. நம்ம நாட்டில் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022-க்குப் பதிவு பண்ணின எண்ணிக்கை 38 ஆயிரத்துக்கு மேல். டெங்கு பத்தி நாம பேசற அளவுக்கு இதைப் பத்திப் பேசறோமா?

செய்தியில் இப்படி ஒரு குழந்தை போனா, கீழே கமெண்ட்ல என்ன எழுதறாங்கன்னு பார்த்திருப்பீங்க. ‘அம்மா என்ன பண்ணிட்டு இருந்தா?’ எங்க வீட்டிலயும் அன்னைக்கு முதல் அஞ்சு நிமிஷம் எல்லார் கண்ணும் என் தங்கச்சி மேலதான் போச்சு. யாரும் வாய்விட்டுச் சொல்லலை. ஆனா போச்சு. அவ பெரியவனுக்கு டிரஸ் மாத்திட்டு இருந்தா. நான் போனைப் பார்த்துட்டு இருந்தேன். என்னை யாரும் அப்படிப் பார்க்கலை. இதை எழுதறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

உண்மை என்னன்னா, தனியா ஒரு அம்மா குழந்தையை வெச்சிருக்கும்போது அவளுக்குத் தெரியும், பார்க்க வேண்டியது நான்தான்னு. 9 பேர் இருக்கும்போது எட்டு பேர் பார்த்துக்குவாங்கன்னு 9 பேரும் நினைக்கிறோம். கூட்டம் கூடினா குழந்தைக்குப் பாதுகாப்பு கூடும்னு நம்பறோமே, அது தண்ணி பக்கத்தில் நேர் எதிர்.

பங்களாதேஷ்ல இதை ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. குளமும் குட்டையும் வாசலிலேயே இருக்கிற நாடு. அங்கே சின்னக் குழந்தைங்க அதிகமா மூழ்கினது காலை 9-லிருந்து மதியம் 1 மணிக்குள்ளே, வீட்டுக்குப் பக்கத்திலேயே. அம்மா சமையலில், அப்பா வேலையில் இருக்கிற நேரம். அதனால அவங்க ‘ஆஞ்சல்’னு கிராமத்துக்கு கிராமம் குழந்தைக் காப்பகம் வெச்சாங்க. அந்த நாலு மணி நேரம் ஒருத்தர் குழந்தைங்களைப் பார்த்துக்கிட்டா போதும். மூழ்கி இறக்கிற சின்னக் குழந்தைங்க எண்ணிக்கை பெரிய அளவில் குறைஞ்சது. பெரிய மெஷின் எதுவும் இல்லை. ‘இது உன் வேலை’ன்னு ஒரு ஆளைச் சொல்லி வெச்சாங்க.

நாங்க மிச்சமிருந்த அரை நாளுக்கு அதையேதான் செஞ்சோம். ஆஸ்பத்திரியில் டியூட்டி மாத்தற மாதிரி. ஒரு சிவப்புத் துண்டு. அது யார் தோளில் இருக்கோ அவங்கதான் தண்ணி டியூட்டி. அரை மணி நேரம். போன் கையில் இருக்கக் கூடாது, குடிச்சிருக்கக் கூடாது, சமையல்கட்டுப் பக்கம் போகக் கூடாது. அடுத்த ஆள் தோளில் துண்டைப் போட்டு, “அஞ்சு பேர் இருக்காங்க, எண்ணிக்கோ”ன்னு சொன்ன பிறகுதான் நகரலாம். முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க. எங்க அப்பா மட்டும் சிரிக்கலை. 71 வயசு, ரெண்டு டியூட்டி பார்த்தார்.

இப்ப வீட்டு ஓனர்கள்கிட்ட வர்றேன்.

பிரான்ஸ்ல 2003 ஜனவரியில் ஒரு சட்டம் போட்டாங்க. தனியார் வீட்டு நீச்சல் குளத்துக்கு வேலி, அலாரம், மூடி, கூண்டு இந்த நாலில் ஒண்ணு கட்டாயம். ஏற்கெனவே இருக்கிற குளங்களுக்கு 2006 ஜனவரி 1 வரை நேரம் கொடுத்தாங்க. ஆனா லீவுக்கு வாடகைக்கு விடற வீட்டுக்கு மட்டும் கெடு முன்னாடியே: 2004 மே 1. ஏன் அப்படின்னு யோசிச்சுப் பாருங்க. என் வீட்டுக் கிணறு எங்கே இருக்குன்னு என் குழந்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாடகை வீட்டில் எந்தக் கதவு தண்ணிப் பக்கம் திறக்கும்னு முதல் நாள் யாருக்கும் தெரியாது. எங்க பாப்பா போன பின்கதவு தானா மூடாதுன்னு எனக்கு 12:45-க்குத்தான் தெரிஞ்சது.

ஏரிக்கு வேலி போடச் சொல்லலை. ஏரி ஊருக்குச் சொந்தம். மாடு இறங்கணும், மீன் பிடிக்கிறவர் இறங்கணும். வீட்டுக்குப் போடுங்க. புல்தரை முடியற இடத்தில் நாலடி உயரத்துக்குக் கம்பி வேலி, குழந்தை ஏற முடியாத நெடுக்குக் கம்பி, தானா மூடிக்கிற கேட், எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். வியூ கெட்டுடும்னு சொல்றாங்க. கம்பி வழியா ஏரி தெரியுங்க. நான் பார்த்திருக்கேன்.

ஓனர் தானா செய்வாருன்னு எனக்கு நம்பிக்கை இல்லை. நாம கேட்டா செய்வார். ஏசி எத்தனை ரூம்ல, வைஃபை இருக்கா, பார்பிக்யூ அடுப்பு இருக்கா, நாய் கூட்டிட்டு வரலாமான்னு கேட்கிறோம் இல்லையா? அதோட ஒரு கேள்வி: “தண்ணிக்கும் வீட்டுக்கும் நடுவில் என்ன இருக்கு? போட்டோ அனுப்புங்க.” பத்து பேர் கேட்டு, பத்து பேர் புக் பண்ணாம விட்டா பதினோராவது ஆளுக்கு வேலி இருக்கும். போயிட்டு வந்து ரிவ்யூ எழுதும்போதும் பிரியாணி ருசியோட இதையும் எழுதுங்க.

“நாங்கள்லாம் அந்தக் காலத்தில் கிணத்தில் குதிச்சவங்கதான்”னு ஒரு மாமா கண்டிப்பா வருவார். வாங்க மாமா. உங்களுக்கு முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கத்துக்கொடுக்க ஒரு அண்ணன் இருந்தார். எந்தக் கிணத்தில் எவ்வளவு ஆழம்னு ஊருக்கே தெரியும். தவிர, குதிச்சுப் பிழைச்சவங்கதான் இன்னைக்குக் கதை சொல்றாங்க. பிழைக்காத பசங்க கதையை உங்க ஊர் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. அந்தக் கிணத்துப் பக்கம் போகாதேன்னு உங்களைத் தடுத்ததுக்குக் காரணம் இருக்கும்.

பெரிய பசங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நீச்சல் குளத்தில் நாலு லேப் அடிக்கிற பையன் ஏரியில் நீந்திடுவான்னு நினைக்காதீங்க. நம்ம ஏரி ஒரு பக்கம் மட்டும் கரை போட்டுத் தண்ணியைத் தேக்கினது. கரைப் பக்கமும் மதகுப் பக்கமும் ஆழம். எதிர்ப்பக்கம், அதாவது தண்ணி வந்து சேர்ற பக்கம், ரொம்ப தூரத்துக்கு முழங்கால் அளவுதான் இருக்கும். வாடகை வீடெல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அதை நம்பி நடந்தே போவாங்க. நடுவில் மண்ணெடுத்த குழி இருக்கும், மேலேருந்து தெரியாது. கீழே சேறு, காலில் சுத்தற கொடி. கல்குவாரித் தண்ணி இன்னும் ஆபத்து. விளிம்பே செங்குத்து, ஏறி வரப் பிடிமானம் இருக்காது. ஒருத்தன் மூழ்கினா காப்பாத்தப் போன ரெண்டு பேரும் சேர்ந்து போறது ஒவ்வொரு கோடையிலும் நாம படிக்கிற செய்தி.

அதனால, யாராவது மூழ்கினா குதிக்காதீங்க. எறியுங்க. நம்ம வீட்டில் இருக்கிற 20 லிட்டர் தண்ணி கேன், காலியா மூடி போட்டது, ஒரு பெரிய ஆளைத் தாங்கும். கயிறு கட்டி வெச்சா இன்னும் நல்லது. புடவை, துப்பட்டா, கம்பு எதுவானாலும் சரி. கரையில் படுத்துக்கிட்டு நீட்டுங்க, நின்னுக்கிட்டு நீட்டினா உங்களையும் இழுத்துடும்.

வெளியே எடுத்த பிறகு செய்யக் கூடாததை முதல்ல சொல்றேன், ஏன்னா அதைத்தான் நிறையப் பேர் செய்றாங்க. பயிற்சி டாக்டரா இருந்தப்ப ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு வயசுப் பையன் ஒருத்தனை ஆட்டோவில் தூக்கிட்டு வந்தாங்க. கரையிலேயே பதினஞ்சு நிமிஷம் தலைகீழாப் பிடிச்சு, சுத்தி, வயித்தை அமுக்கித் தண்ணி எடுத்திருக்காங்க. எல்லாரும் அன்போடதான் செஞ்சாங்க. அந்தப் பதினஞ்சு நிமிஷத்தில் ஒருத்தர்கூட அவன் வாயில் மூச்சு ஊதலை. அவங்க அப்பா என்கிட்ட, “நிறையத் தண்ணி எடுத்துட்டோம் சார்”னு திரும்பத் திரும்பச் சொன்னார். இருபது வருஷம் ஆகப் போகுது.

வயித்தை அமுக்கினா வர்றது வயித்துத் தண்ணி. அது வாந்தியா வந்து நுரையீரலுக்குப் போனா நிலைமை இன்னும் மோசமாகும். மூழ்கினவருக்குத் தேவை காத்து.

கூப்பிட்டுப் பாருங்க, தட்டிப் பாருங்க. அசைவு இல்லை, மூச்சு இல்லைன்னா மல்லாக்கப் படுக்க வெச்சு, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாயோடு வாய் வெச்சு ஊதுங்க, நெஞ்சு எழும்பற அளவுக்கு. முதல்ல 2 தடவை. ஐரோப்பிய வழிமுறை 5 தடவைன்னு சொல்லுது, ரெண்டும் சரி. அப்புறம் நெஞ்சு நடுவில் வேகமா 30 தடவை அழுத்தம், 2 தடவை மூச்சு, மறுபடி 30. மாரடைப்புக்கு நெஞ்சை அழுத்தினா மட்டும் போதும்னு வீடியோவில் பார்த்திருப்பீங்க. மூழ்கினவருக்கு மூச்சும் சேர்ந்தாத்தான் பலன். இன்னொருத்தர் போனை ஸ்பீக்கரில் போட்டு 108-க்குப் பேசட்டும். மூணாவது ஆள் மெயின் ரோட்டில் போய் நிக்கட்டும், அந்த மண் ரோட்டுக்கு ஆம்புலன்ஸ் தானா வராது. பெருங்களத்தூர் டிராஃபிக் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவரைக்கும் நீங்கதான் டாக்டர். இதை எழுத்தில் படிச்சுக் கத்துக்க முடியாது. செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி இடங்களில் முதலுதவிப் பயிற்சி தர்றாங்க, ஒரு தடவை போய் பொம்மை மேல அழுத்திப் பார்த்துட்டு வாங்க.

தண்ணியிலிருந்து எடுத்த குழந்தை தானா மூச்சு விட்டு அழுதாலும், இருமல் நிக்கலை, மூச்சு வாங்குது, தூங்கி விழுதுன்னா உடனே ஆஸ்பத்திரி. சில மணி நேரம் வெச்சுப் பார்க்கணும். ‘நீந்திட்டு வந்த குழந்தை மூணு நாள் கழிச்சுத் திடீர்னு இறந்தது’ன்னு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுத்துதே, அதை நம்பி வீணா நடுங்க வேண்டாம். பிரச்சினைன்னா முதல் சில மணி நேரத்திலேயே அறிகுறி தெரியும்.

ஊருக்குக் கிளம்பற அன்னைக்கு அந்த அம்மாவுக்குப் பணம் கொடுத்தோம். வாங்கலை. அவங்க பேரனுக்குன்னு சொன்ன பிறகு வாங்கிட்டாங்க. “உங்க பேரன் இங்கதான் விளையாடுவானா?”ன்னு கேட்டேன். “ஐயோ, இந்தப் பக்கம் விடவே மாட்டேன் சார்”னாங்க.

போன வாரம் தங்கச்சி கூப்பிட்டா. காலாண்டு லீவுக்கு வேற ஒரு ஏரிக்கரை வீடு பார்த்திருக்காளாம். நான் வாயைத் திறக்கறதுக்குள்ளே, “அண்ணா, கேட் போட்டோ வாங்கிட்டேன், தாழ்ப்பாள் நம்ம நெஞ்சு உயரம்”னா. துண்டை நான் எடுத்துட்டு வரணுமாம்.